மேற்பார்வையாளர் இல்லாமல் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்

உளவியலாளரின் வேலையில் ஒரு பங்கைப் பயிற்சி கொடுத்த கிராமத்து உதவியாளரிடம் கொடுக்கலாமா என்று கேட்டால், கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன். வெருகலில் இருந்து ஒரு தாய் திருகோணமலை கிளினிக்குக்கு வந்து போனால் அன்றைய கூலி போய்விடும். போரையும் 2004 சுனாமியையும் கண்ட மாவட்டம் இது. வீடு வீடாகப் போக எங்களிடம் எத்தனை உளவியலாளர்கள் இருக்கிறார்கள்?

இது நடக்காத காரியமும் இல்லை. சிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் கிளினிக் வளவில் வாங்கில் இருந்து சனத்தின் கவலையைக் கேட்கிறார்கள். அதனால் பலன் உண்டென்று 2016இல் ஆய்வு வெளியானது. பாகிஸ்தான் கிராமங்களில் தாய்மாரின் மனச்சோர்வைப் பெண் சுகாதாரப் பணியாளர்கள் குறைத்துக் காட்டினார்கள். இரண்டு இடத்திலும் பயிற்சிக்குப் பிறகும் மேற்பார்வை தொடர்ந்தது.

இங்கே பயிற்சியோடு சரி. சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்து, உதவியாளராக வந்த பிள்ளையைக் களத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். மனச்சோர்வை அறிய ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. கேட்டுப் புள்ளி போட உதவியாளர் போதும். ஆனால் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. மூதூர்ப் பக்கம் உதவியாளராக இருந்த, எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி ஒரு பின்னேரம் அதைக் கேட்டபோது "ஓம்" என்று பதில் வந்தது. யாருக்கு அழைப்பது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இரவெல்லாம் தனியே தவித்தாள். அந்தத் தவிப்பு அவளுடைய தலையில் விழுந்திருக்கவே கூடாது.

வேலையை இன்னொருவரிடம் கொடுப்பது பற்றி அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக் கோவையில் 2.05ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. செய்யக்கூடியவருக்கு, செய்யக்கூடியதை மட்டும் கொடு. ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார். பக்கச்சார்பு வரக்கூடிய வேறு உறவு உள்ளவரிடம் கொடாதே. மொழிபெயர்ப்பவரையும் அந்த விதி சேர்த்தே சொல்கிறது. சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியருக்கும் தமிழ்த் தாய்க்கும் நடுவில் அவளுடைய மகனையே நிறுத்தினால், கணவன் அடிப்பதை அவள் எப்படிச் சொல்வாள்? கிராமத்து உதவியாளரும் பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு மச்சாள்தான். மூதூர்ப் பிள்ளையைக் கிண்ணியாவுக்கும் கிண்ணியாப் பிள்ளையை மூதூருக்கும் மாற்றி விட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

திட்டத்துக்குப் பணம் கேட்டு எழுதுகிறவர்களே, மேற்பார்வையாளரின் சம்பளத்தையும் பயணச் செலவையும் முதலில் எழுதுங்கள். கிழமைக்கு ஒரு அரை நாள், தமிழில், அந்தப் பிள்ளைகளோடு இருந்து பேச ஒருவர் வேண்டும். இரவில் அழைக்க அவருடைய இலக்கமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.