கதைக்குள் அப்பாவுக்கு என்ன வேலை?

இரவில் மகளுக்குக் கதை சொல்வது என் பொறுப்பு. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒரு பறக்கும் கப்பலின் கதை. நான்கு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கப்பல் மேகத்தில் சிக்கிக்கொண்டது. கதாநாயகி அன்றைக்குப் பல் தேய்க்காமல் படுத்ததுதான் காரணம் என்று நைசாக ஒரு வரியைச் செருகினேன்.

"இது கதை இல்லப்பா. இது நீங்க பேசுறது" என்றாள். வயது ஏழு.

மூன்று நாளாக அது மண்டையைக் குடைந்தது. மாயக்கதை என்றாலே நமக்கு ஒரு சந்தேகம். வெறும் டிராகனும் மந்திரமும் எதற்கு, பிள்ளைக்கு ஏதாவது பயன் வேண்டாமா என்று ஒரு நீதியை உள்ளே ஒளித்துவைக்கிறோம். மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுக்கிற அதே தந்திரம்தான். அவர்கள் வெல்லத்தை மட்டும் சப்பிவிட்டு மருந்தைத் துப்பிவிடுகிறார்கள். சாகசக் கதையில் அதிகாரம் பிள்ளையிடம் இருக்க வேண்டும், பெற்றோர் எடுபிடியாகக் கூட வந்தால் போதும் என்பது என் கட்சி.

1881 கோடையில், மழை விடாத ஸ்காட்லாந்தில், எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் வீட்டில் நடந்தது இதுதான். அவரும் மனைவியின் முதல் திருமணத்து மகன் லாயிடும் ஒரு தீவின் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதிலிருந்து கதை கிளம்பியது. பையன் போட்ட நிபந்தனை: கதையில் பெண்கள் வரக் கூடாது. (என் மகள் அங்கே இருந்திருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும்.) நாயகனின் அம்மாவைத் தவிர்த்துப் பார்த்தால், ஸ்டீவன்சன் ஏறக்குறைய அப்படியே கீழ்ப்படிந்தார். கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளரான அவருடைய அப்பா, அறுபதைத் தாண்டியவர், அவரும் சும்மா இருக்கவில்லை. செத்துப்போன கடற்கொள்ளையனின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தார். 1883-இல் அது 'புதையல் தீவு' என்று புத்தகமானது.

ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் கதையும் இப்படித்தான். 1941-இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த மகள், அந்த நொடியில் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி, "அவளைப் பத்திச் சொல்லு" என்றாள். யார் அது என்று அம்மா கேட்கவில்லை. பெயர் விசித்திரமாக இருந்தது, அதனால் ஆளையும் விசித்திரமாக ஆக்கிவிட்டார். குதிரையை அலேக்காகத் தூக்குகிற பிப்பி அப்படிப் பிறந்தாள். புத்தகம் 1945-இல் வந்தது.

அந்தப் பிப்பிக்கு அம்மா கிடையாது, அப்பா கடலில் காணாமல் போனவர். படு என்று சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை. சாகசக் கதைகள் முதல் அத்தியாயத்திலேயே பெற்றோரை இப்படி அப்புறப்படுத்துவது முன்பெல்லாம் எனக்கு உறுத்தும். ஆனால் இந்தக் கதையைச் சொன்னதே படுக்கையோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாதானே! கதைக்கு வெளியே அப்படி ஒருவர் இருக்கிற தைரியத்தில்தான் பிள்ளை உள்ளே தனியாகப் போகிறது போல.

சரி, எங்கள் கப்பலுக்கு வருகிறேன். "அப்பாவும் ஏறிக்கலாமா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "ஏறிக்கோங்க. ஆனா நங்கூரம் தூக்குற வேலைதான். நடுவுல பேசக் கூடாது."

நங்கூரம் தூக்கிக்கொண்டிருக்கிறேன். பல் தேய்ப்பது பற்றிய பேச்சுவார்த்தை காலையில் தனியாக நடக்கிறது.