அந்த வாளியைக் கீழே வையுங்கள்

ஆமைக்குஞ்சுகளை வாளியிலிருந்து கடலில் கொட்டுகிற அந்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு அனுப்பாத ஆள் பாக்கியில்லை. பாதிப் பேர் "எவ்வளவு அழகு பாருங்க" என்று அனுப்பினீர்கள், மீதிப் பேர் "இது சரியா?" என்று. எல்லோரும் பார்த்தாயிற்று, இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகிவிடலாம் என்றுதான் இருந்தேன். "பிள்ளைகளுக்கு இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதிலும் நொட்டை சொல்ல ஒரு கூட்டம்" என்று கீழே ஒருவர் எழுதியதும் அதற்கு விழுந்த விருப்பக்குறிகளும்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டன.

ஆமைக்குஞ்சு நடக்க வேண்டும். தானாக, ஈரமணலில், இருட்டில் நடந்து கடலுக்குப் போக வேண்டும். இந்தப் பதிவில் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

அந்த வீடியோவில் ஒரு குஞ்சுகூட நடக்கவில்லை. வெயில் நன்றாக ஏறிய நேரம். நீல வாளியில் முக்கால்வாசிக் கடல்நீர், அதற்குள் நாற்பது ஐம்பது குஞ்சுகள் சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. ஒரே நிற டீசர்ட் போட்ட பெரியவர்களும் பிள்ளைகளும் ஆளுக்கொன்றை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி வாளியை அலையில் கவிழ்க்கிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

முதலில் வாளி. நிறையப் பேருக்கு அதுதான் கருணையாகத் தெரிந்திருக்கிறது. தண்ணீரில் வாழ்கிற உயிரைத் தண்ணீரில்தானே வைத்திருக்கிறார்கள், அதிலென்ன தப்பு என்று கேட்கிறீர்கள். நம் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) குஞ்சு இருபது கிராம் அளவுதான் எடை. முட்டையிலிருந்து வரும்போது வயிற்றுக்குள் மிச்சம் இருக்கும் மஞ்சள்கருதான் அதற்குக் கட்டுச்சோறு. உடம்பில் தண்ணீர் பட்டதும் துடுப்பு அடிக்கத் தொடங்கும், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க அடங்காமல் அடித்துக்கொண்டே போகும். கரையோரக் கடலில்தான் தின்ன வருகிற மீன்கள் அதிகம். அந்தப் பகுதியைத் தாண்டுவதற்கு அதற்கு இருப்பது அந்த ஒரு நாள் ஓட்டம்தான். வாளியில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அதில் குறைகிறது. சுவரில் முட்டி முட்டிக் களைத்த பிறகு கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சிறிது நேரம் வைத்திருந்தே ஆக வேண்டிய கட்டாயம் வருவதுண்டு. அப்போது தண்ணீரே கூடாது. அடியில் ஈரமணலோ ஈரத்துணியோ போட்ட கூடையில், மேலே மூடி, இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் வைக்க வேண்டும். குஞ்சு அடங்கிக் கிடக்கும், சக்தி மிஞ்சும்.

அடுத்தது அந்த வெயில். குழிக்குள் ஓட்டைக் கீறிக்கொண்டு வந்த குஞ்சு அன்றே மேலே வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளாகும். ஒரு குஞ்சு தனியாக மேலே மூடிய மணலைக் குடைந்து ஏற முடியாது. ஒன்று அசைந்தால் பக்கத்தில் கிடப்பதும் அசையும். தலைக்கு மேலுள்ள மணல் உதிர்ந்து காலடியில் சேரும். தரை உயர உயர நூறு குஞ்சும் கூட்டமாக ஏறும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வந்ததும் மணல் சூடாக இருந்தால் அப்படியே நின்றுவிடும். ராத்திரி மணல் ஆறினால்தான் ஒரு கொதிப்பு மாதிரி எல்லாம் ஒன்றாக வெளியே பொங்கி வரும். அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். ராத்திரி வெளியே வந்த குஞ்சுகள் அத்தனை வெயிலில் வாளிக்குள் இருக்கின்றன என்றால் விடிய விடிய எங்கே இருந்திருக்கும்? யார் வந்து சேரும்வரை வைத்திருந்தார்கள்?

மூன்றாவது, கவிழ்த்தது. மணலில் நடக்கும் அந்தப் பத்துப் பதினைந்து மீட்டர் வெறும் தூரம் கிடையாது. குஞ்சு முதலில் தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத் திரும்புகிறது. மணல்மேடும் மரமும் போல உயரமாக இருட்டிக்கொண்டு நிற்பதை விட்டு விலகுகிறது. தண்ணீருக்குள் போனதும் அலை வரும் திசைக்கு எதிரே நீந்துகிறது. அலை தெரியாத ஆழத்துக்குப் போன பிறகு பூமியின் காந்தப்புலம் கைகொடுக்கிறது. கடலாமைக் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்த விஷயம் இது, ஒரு கட்டத்தில் பிடித்த திசையைத்தான் அடுத்த கட்டத்துக்கு எடுத்துப் போகின்றன. நடக்கவே விடாமல் உடைகிற அலையில் தலைகீழாகக் கொட்டினால் அது எந்தத் திசையைப் பிடிக்கும்?

ஃப்ளாஷ் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. வெளிச்சத்தைப் பார்த்து வழி பிடிக்கிற உயிர் அது. சென்னைக் கரையில் தெருவிளக்கைக் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் ஏறிப் போகிற குஞ்சுகளை ராத்திரி ராத்திரியாகத் தேடிப் பொறுக்குகிறார்கள். டார்ச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊர் வெளிச்சம் அதிகமான இடத்தில் ஒரே ஒருவர் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று ஒரே ஒரு டார்ச்சைக் காட்டிக் குஞ்சுகளைக் கடல் பக்கம் இழுப்பார். அந்த ஒரு வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. முப்பது செல்போன் பின்னால் எரிந்தால் குஞ்சுகள் திரும்பி உங்கள் காலடிக்குத்தான் வரும், யார் காலிலாவது மிதிபடும்.

இனி, ஆமை முட்டைகளைக் காக்கிற எங்களைப் பார்த்து நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "முட்டையையே தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைக்கிறீர்கள், அது மட்டும் இயற்கையா?"

இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். தாய் வைத்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் எப்போதும் நல்லது. நாயும் விளக்கும் அலை அரிப்பும் இல்லாத கரை கிடைத்தால் தொட வேண்டிய தேவையே இல்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அப்படி ஒரு கரை நம்மிடம் மிச்சமில்லை. அதனால்தான் 1988லிருந்து மாணவர்கள் ஜனவரி தொடங்கி ஒவ்வொரு ராத்திரியும் நடக்கிறார்கள். மணலில் தடம் தெரிந்தால் பின்தொடர்ந்து போய், குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்ப்பார்கள். மணல் எங்கே இளகிக் கொடுக்கிறதோ அங்கே குழியின் கழுத்து. அதன்பிறகு கையால் மட்டும்தான் தோண்டுவார்கள். குழி கூஜா மாதிரி இருக்கும், கழுத்து குறுகல், அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அதில் நூறிலிருந்து நூற்றிருபது முட்டை வரை இருக்கும். ஒவ்வொன்றாக, உருட்டாமல், திருப்பாமல் எடுத்து அதே குழியின் மணலோடு பையில் வைக்க வேண்டும். எல்லாம் சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நேரம் போனால் கரு மேல்பக்க ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு முட்டையைத் திருப்பினால் கரு அறுந்து செத்துவிடும். வெளியே முட்டை அழகாகவே இருக்கும், ஐம்பது நாள் கழித்துத் தோண்டும்போதுதான் தெரியும்.

எடுத்த முட்டைகளை மறுபடி புதைத்துக் காக்கும் இடம்தான் ஹேச்சரி. அங்கே அதே ஆழம், அதே கூஜா வடிவம், குழிக்கும் குழிக்கும் நடுவே ஆள் நிற்க இடம். தேதி, எண்ணிக்கை, கிடைத்த இடம் எழுதிய குச்சி ஒன்று. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. அடைகாலத்தின் நடுப்பகுதியில் முப்பது டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், நாள்கணக்கில் முப்பத்தைந்தைத் தொட்டால் முட்டைக்குள்ளேயே சாகும். அதனால் மார்ச் கடைசியில் நிழல்வலை பற்றி யோசிக்க வேண்டிவருகிறது. நாற்பத்தைந்தாவது நாள் குழிமேல் கூடை கவிழ்ப்பார்கள். அன்றிலிருந்து ராத்திரி முழுக்க அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்வது கடைசிப் பத்து மீட்டரை அந்தக் குஞ்சு தானே நடப்பதற்காக. நாங்கள் தலையிடுகிறோம், உண்மைதான். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே கையை எடுத்துவிடுகிறோம். அந்த வீடியோக்காரர்கள் அங்கேதான் கையை வைக்கிறார்கள்.

"நடக்கவிட்டால் காக்கா தூக்கிக்கொண்டு போகாதா?" இருட்டில் விடுங்கள், காக்கா வராது. நண்டும் நாயும் வராமல் பார்க்கத்தான் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது.

"ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் எப்படி விட்டால் என்ன?" இந்தக் கமெண்ட்டைப் படித்தபோது உண்மையாகவே வலித்தது. ஆயிரத்தில் ஒன்று என்பதால்தான் ஒவ்வொன்றும் கணக்கு. இருக்கிற ஒரு வாய்ப்பையும் வாளியில் கரைப்பதற்கு அது எப்படி அனுமதியாகும்?

பிள்ளைகள் தொட்டால்தான் நேசம் வரும் என்கிறீர்களே, மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் வேளாஸ் என்று ஒரு கடலோர கிராமம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆமை முட்டை திருட்டுப் போன கரை. சஹ்யாத்ரி நிசர்க மித்ர என்ற அமைப்பு ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 2000களின் தொடக்கத்தில் அங்கே முட்டைக் காவலைத் தொடங்கியது. இன்று ஆமைத் திருவிழா என்றே பெயர். வெளியூர்க்காரர்கள் வந்து ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டுக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்கிறார்கள். கயிறு கட்டியிருக்கும், எல்லோரும் அதற்குப் பின்னால். குஞ்சு கூடையிலிருந்து மணலில் இறங்கி நடக்கும். எந்தப் பிள்ளையும் கையில் எடுக்காமலேயே அந்த ஊருக்கு மறுவருஷமும் மக்கள் வருகிறார்கள். கயிறு போட்டால் நேசம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது?

தொடாமல் நேசித்த ஒரு மனிதரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், ரொம்பப் பேருக்குத் தெரியாது. சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடியில் படிக்க வந்தவர். 1970களில் மெட்ராஸ் பாம்புப் பண்ணை ஆட்களோடு சேர்ந்து கடலாமை பக்கம் திரும்பினார். இந்தியக் கடற்கரையில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தடம் எண்ணினார். பேராமைகள் (பச்சை ஆமைகள்) மழைக்காலத்தில் முட்டையிடும் என்பதால் 1982இல் லட்சத்தீவின் சுஹேலி தீவில் தன்னந்தனியாக இறங்கினார். மழை முடியும்வரை அங்கே படகு வராது. மனைவிக்கு எழுதிய கடிதத்தை பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். இருபத்துநாலு நாள் கழித்து, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இலங்கையில் ஒரு மீனவர் கையில் அது கிடைத்தது. அந்த மீனவர் அதைத் தபாலில் சேர்த்தார், கடிதம் வீடு போய்ச் சேர்ந்தது. ஒரு மனிதர் அத்தனை மாதம் மழையில் தனியாக இருந்து செய்த வேலை, ஆமை வந்துபோன தடத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது. 2023இல் காலமானார். இந்த வேலைக்கு நம்மிடையே இப்படி ஒரு முன்னோர் இருக்கும்போது, நாம் டீசர்ட்டும் வாளியும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியவில்லை. "போய் ஆமையைக் கொல்கிற மீனவர்களைக் கேளுங்க" என்று நான்கு பேராவது எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் நம் கரையில் ஒதுங்கிய ஆமைகளை மறந்துவிட்டீர்களா? தமிழ்நாட்டுக் கரையில் ஆயிரத்துக்கு மேல் என்று செய்தி வந்தது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. இழுவை வலையின் மடிக்குள் மணிக்கணக்கில் மாட்டி மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்த ஆமையின் அடையாளம் அது. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக் கூடாது என்று மாநில மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வந்து கூடி நிற்பதும் அந்த எல்லைக்குள்தான். கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிறவர்களையும் இழுவைப் படகையும் ஒரே பெயர் சொல்லித் திட்டுவது அநியாயம். மடியின் வாலுக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்தினால் இறால் கம்பிக்கு நடுவே புகுந்து போய்விடும், ஆமை கம்பியில் மோதி மேலேயுள்ள திறப்பு வழியாக வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுக்கு ஏற்ற மாதிரி அதைச் செய்தே கொடுத்திருக்கிறது. அது வலைகளில் இல்லை என்பதால்தான் 2019லிருந்து நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அந்தக் கம்பிச் சட்டத்தைப் பற்றி ஒரு வீடியோ போடுங்கள். எடுத்துச் சொல்ல நான் வருகிறேன், டீசர்ட்டும் போட்டுக்கொள்கிறேன்.

வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிடாதீர்கள், படகுக்காரத் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். நிறைய நேரம் மயக்கம்தான். வயிறு தரையில் படுமாறு கிடத்தி, பின்பக்கத்தை அரை அடிக்குக் குறையாமல் உயர்த்தி வைத்தால் நுரையீரலில் போன நீர் வடியும். மல்லாக்கப் போடக் கூடாது. நிழலில், ஈரச்சாக்கு மூடி, மூக்கை மட்டும் விட்டுவிட்டு. நாலு மணி நேரத்திலும் எழும், ஒரு நாள் ஆனாலும் எழும். எஞ்சினை நிறுத்திவிட்டு, தலை முன்னால் போகுமாறு மெதுவாக விட வேண்டும்.

2021இல் ஒடிசாவில் துடுப்பில் எண் மாட்டிய ஒரு பங்குனி ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக்கடல் வரை, யாருடைய கையும் இல்லாமல் போயிருக்கிறது. இருபது கிராம் குஞ்சாக ஏதோ ஒரு கரையில் இறங்கிய ஆமைதான் அதுவும்.

ஜனவரி கடைசியில் எடுத்து வைத்த குழிகள் இந்த வாரம் நாற்பத்தைந்தாவது நாளைத் தொடுகின்றன. கூடைகள் கவிழ்த்தாயிற்று. பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். செல்போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்காருங்கள். குஞ்சு எப்போது வரும் என்று யாராலும் நேரம் சொல்ல முடியாது, பாயும் தண்ணீரும் எடுத்து வாருங்கள். வாளி வேண்டாம்.