கைகளை மட்டும் கேட்காதீர்கள்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு குளத்தைச் சுத்தம் செய்வது என்று முடிவானால், முதலில் பதாகை அச்சாகிறது, அடுத்து ஒரே நிறத்தில் டீ-சர்ட் வந்து இறங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கும் பணி வெயில் ஏறும் முன்பே குழுப்படத்துடன் முடிந்துவிடுகிறது. பங்கெடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. விடுமுறை நாளின் தூக்கத்தை விட்டுவிட்டு குளத்தை மூடிக் கிடக்கும் அமலைச் செடியை இழுக்கச் சேற்றில் இறங்குகிற எந்தக் கல்லூரி மாணவரும் மரியாதைக்குரியவரே. உள்ளூர்த் தன்னார்வலர்களிடம் அரசு நிர்வாகமும் பெரிய நிறுவனங்களும் கைகளை மட்டுமே கேட்கின்றன என்பதுதான் என் மனத்தாங்கல். அவர்களுக்குத் தெரிந்த ஊர் விவரத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் இக்குழுக்கள் இதுவரை ஊருக்குச் செய்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால், உடலுழைப்பைவிட அந்த விவரம்தான் பல இடங்களில் காப்பாற்றியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன, மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லி அரித்துப் போய்விட்டதால், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மீட்புப் படையினர் நெருங்க முடியாத அந்த நேரத்தில், தாங்களும் வெள்ளத்தால் சூழப்பட்டிருந்த புதுக்குடி மக்கள்தான் இருந்த அரிசியைத் திரட்டிக் கோயிலில் வைத்துச் சமைத்து, அந்தப் பயணிகளுக்குப் பசியாற்றினார்கள். கடற்கரை ஊர்களின் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து தெருக்களுக்குள் விட்டதும் அந்நாள்களில்தான். படகு வந்தால் மட்டும் போதாது. தண்ணீருக்கடியில் திறந்த கிணறு எங்கே இருக்கிறது, எந்தக் காம்பவுண்டுச் சுவர் படகின் அடியைக் கிழிக்கும், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் படுத்திருக்கிறார் என்பதையெல்லாம் படகின் முனையில் உட்கார்ந்து சொல்வதற்கு அந்தத் தெருக்காரர் ஒருவர் வேண்டும். எந்தக் கட்டுப்பாட்டு அறையிலும் அந்த வரைபடம் கிடையாது.

வெள்ளம் வந்த அன்றைக்குத் திடீரென்று இந்தத் திறமை முளைத்துவிடவில்லை. நம் ஊர்களில் கோயில் கொடை விழா நடத்திப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. பந்தல்கால் நாட்டுவதற்கு முன்பே கொடைக்கான வரி எவ்வளவு என்று கூடிப் பேசுகிறோம். வெளியூரில் கடை வைத்திருப்பவருக்கும் மும்பையில் வேலை பார்ப்பவருக்கும் தகவல் போகிறது. பந்தல், மைக்செட், வில்லுப்பாட்டு, பூ, சமையல் என்று ஆளுக்கொரு பொறுப்பு பிரிகிறது. கொடை முடிந்தபின் கோயில் முன்பாக உட்கார்ந்து கணக்கு வாசிக்கப்படுகிறது. அந்தக் கணக்கு வாசிப்பை நேரில் கண்டவர்களுக்குத் தெரியும். "பூவுக்கு எப்படி அண்ணாச்சி இவ்வளவு ஆச்சு? போன வருசம் இதுல பாதிதானே?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். பொறுப்பாளர் முகம் சுளித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பூக்கடைச் சீட்டை எடுத்துப் பக்கத்திலிருப்பவர் கையில் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறிக் கேட்டவரிடம் போய்ச் சேரும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டுத்தான் உட்காருவார். லட்சக்கணக்கில் நன்கொடை திரட்டும் அறக்கட்டளைகள் பலவற்றில் இப்படி ஒரு கேள்வியை எழுப்ப இடமே இல்லை. புதிதாகத் தொடங்கும் இளைஞர் குழுக்கள் இந்த ஒரு வழக்கத்தையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். நம்மூர்க் குழுக்கள் பெரும்பாலும் பணமில்லாமல் உடைவதில்லை, பணத்தைப் பற்றிய சந்தேகத்தில்தான் உடைகின்றன.

ஆனால் இந்த அமைப்பின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. கொடைக்கான வரிப்பட்டியல் பெரும்பாலும் ஒரே சாதிக்குள் அடங்கிய பட்டியல். பக்கத்துத் தெருவுக்கு அதில் இடமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. சாதியைக் காட்டப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அக்குழு பேச வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தது. ஊரைப் பலப்படுத்துகிறோம் என்று சொல்லும் ஒரு குழுவை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: அதன் வாட்ஸ்அப் பட்டியலில் எத்தனை தெருக்களின் பெயர்கள் இருக்கின்றன? ஒரே தெருவின் பெயர்கள்தான் இருக்கின்றன என்றால், அது எவ்வளவு மரம் நட்டாலும் அந்தத் தெருவின் சங்கமாகவே எனக்குத் தெரிகிறது.

நீண்ட நாள் நிலைத்த பணி எது என்று யாராவது கேட்டால் கூந்தன்குளத்தைத்தான் காட்டுவேன். 1994-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அதன் பெயர் வெளிவந்தது. இரண்டுக்கும் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியைக் கைவிட்டவர்கள். வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையின் எச்ச நாற்றத்தோடு குடித்தனம் நடத்துவது எளிதன்று என்பதை அங்கே ஒரு பகல் இருந்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாவதால் அந்த ஏற்பாட்டில் இருதரப்புக்கும் லாபம் உண்டு. இதே வரிசையில், 2011 முதல் தைப்பொங்கலை ஒட்டி நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பையும் சேர்க்கலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் தொலைநோக்கியோடு குளம் குளமாக நின்று எண்ணி எழுதுகிறார்கள். ஒரு குளம் குப்பைமேடாகும்போது, அங்கே முன்பு இத்தனை பறவைகள் இருந்தன என்று காட்ட அந்தத் தாள் இருக்கிறது.

தாமிரபரணியின் பாபநாசம் படித்துறை வேறு கதை. பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுச் செல்கிறார்கள். அதை வெளியே எடுக்கும் பணியில் ஒரு முறை கூட நின்றவர்களுக்கு அதன் பாரம் தெரியும்: பாறை இடுக்கில் சுற்றிக்கொண்ட சேலை மணலை வாரி வைத்திருக்கும், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அதோடு இரண்டு வேட்டியும் ஒரு சுடிதாரும் பின்னிக்கொண்டு வரும், கரையேற்றினால் அழுகல் வாடை மூக்கைத் துளைக்கும். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளியிருக்கிறார்கள். அள்ளிக்கொண்டிருக்கும்போதே நாலு படி தள்ளி ஒருவர் புதிதாக ஒன்றைக் கழற்றி விடுவார். இங்கே நான் சொல்ல வருவது சற்றுக் கடுமையானது. துணி விழாமல் தடுக்க வேண்டியவர்கள் சும்மா இருக்க, விழுந்ததை அள்ளுவதற்கு மட்டும் இளைஞர்களை அழைப்பது அவர்களுடைய சேவை மனப்பான்மையைச் சுரண்டுவதாகும். படித்துறையில் ஆள் நிறுத்துவதும், துணி போடத் தொட்டி வைப்பதும், மீறினால் அபராதம் விதிப்பதும் சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை.

தூர்வாருதலிலும் இதே கோளாறுதான். பொக்லைன் எந்திரம் லாரி நிற்க வசதியான இடத்தில் கிணறு மாதிரி தோண்டிவிட்டுப் போய்விடுகிறது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதும், கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனப்படும் என்பதும், குளத்தின் வயிற்றைவிட, அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதும் அந்தக் குளத்துப் பாசனத்தில் முடி நரைத்த எந்தச் சம்சாரியும் சொல்லக்கூடிய விஷயங்கள். மதிப்பீடு தயாரிக்கும்போது அவரைக் கரையில் கூட நிறுத்தாமல், வேலை முடிந்த பின் திறப்புவிழாவுக்கு மட்டும் நாற்காலி போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றில் அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக வருகிறது. அதற்கு முந்தைய வாரமே குழுவினர் வரத்துக்காலிலிருந்து, குளம் நிறைந்தபின் மிச்ச நீர் வெளியேறும் மறுகால் வரை நடந்து பார்த்து, அடைப்பையும் ஆக்கிரமிப்பையும் கரையின் இளகிய இடங்களையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், டிசம்பரில் கரை உடைந்த பிறகு எங்களுக்குத் தெரியாது என்று எந்த அலுவலரும் சொல்ல இயலாது. எங்கள் ஊரில் இந்த ஆண்டு நான் கேட்கவிருப்பவை மூன்று: மறுகால் ஓடையை மறித்துக் கட்டிய சுவர் எப்போது இடிக்கப்படும், மடைச் சாவி யாரிடம் இருக்கிறது, மழை இரவில் மேட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடப் போவது யார். மூன்றாவதற்கு இரண்டு பெயர்களாவது எழுதி வாங்க வேண்டும். ஒருவர் வெளியூர் போயிருந்தால் மற்றவரிடம் சாவி இருக்க வேண்டும்.