பாலியல் கல்வி வேண்டாமென்று பெற்றோர் சொல்ல முடியாதா?

"இங்கிலாந்துப் பள்ளிகளில் பாலியல் கல்வி கட்டாயமாகிவிட்டது, பெற்றோர் மறுக்கவே முடியாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை.

2020 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளியில் உறவுகள் பற்றிய கல்வியும், உயர்நிலைப் பள்ளியில் அதோடு பாலியல் கல்வியும் கட்டாயம். ஆனால் பாலியல் கல்விப் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்கும்படி பெற்றோர் கேட்கலாம். தொடக்கப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் அனுமதித்தே ஆக வேண்டும். உயர்நிலையில் முதலில் உங்களோடு பேசுவார். விதிவிலக்கான சூழல் தவிர மறுக்கக் கூடாது. பிள்ளைக்கு 16 வயது ஆவதற்கு மூன்று பள்ளிப் பருவங்கள் (டெர்ம்) முன்பு வரைதான் இந்த விலக்கு. அப்புறம் பிள்ளை விரும்பினால் பள்ளி கற்பித்தாக வேண்டும்.

உறவுகள் கல்வி, உடல்நலக் கல்வி, அறிவியல் பாடம் ஆகியவற்றுக்கு விலக்கே கிடையாது. பருவமடைதல், மாதவிடாய் எல்லாம் உடல்நலக் கல்வியில் வருபவை. (பலர் கவனிக்காத இடம் இதுதான்.)

இங்கிலாந்துக் கல்வித் துறையின் வழிகாட்டி அரசு இணையதளத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் கொள்கையை இணையத்தில் வெளியிட வேண்டும். சந்தேகம் இருந்தால் பாடப் பொருள்களைக் காட்டும்படி பள்ளியிடமே கேளுங்கள். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.