வால்டேர் சொல்லாத வால்டேர் பொன்மொழி

"நீ சொல்வதை நான் ஏற்கவில்லை; ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேச்சு வந்தால் போதும், பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் படத்தோடு இந்த வரி சுற்ற ஆரம்பித்துவிடும். வரி அருமையானதுதான். ஆனால் வால்டேர் எழுதியதல்ல.

அவர் இறந்தது 1778இல். இந்த வாக்கியம் அச்சில் வந்தது 1906இல், ஆங்கிலத்தில். எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற பெண்மணி, டாலன்டைர் என்ற புனைபெயரில் எழுதிய 'வால்டேரின் நண்பர்கள்' நூலில் அது இருக்கிறது. ஹெல்வெஷியஸ் என்ற தத்துவவாதி 1758இல் வெளியிட்ட நூல் பிரான்சில் கண்டிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே எரிக்கப்பட்டது. வால்டேருக்கும் அந்த நூல் பிடிக்கவில்லை. ஆனாலும் எரித்ததை அவர் எப்படிப் பார்த்தார் என்பதைச் சுருக்கிச் சொல்லத்தான் ஹால் இந்த வரியை எழுதினார். மேற்கோள் குறி போட்டுத் தொலைத்ததுதான் வினை! அது தன் சொந்த வாக்கியம் என்று பின்னாளில் அவரே விளக்கியும் யாரும் கேட்டபாடில்லை.

சரி, அப்படியென்றால் வால்டேருக்கும் சகிப்புத்தன்மைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. பிரான்சின் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற வணிகர், அங்கே சிறுபான்மையாக இருந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், மகனைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்டு 1762இல் மரண தண்டனைக்கு ஆளானார். அவருக்காக வால்டேர் விடாமல் போராடினார். 1763இல் சகிப்புத்தன்மை பற்றித் தனி நூலே எழுதினார். 1765இல் கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது.

அந்த வரியைத் தாராளமாகப் பகிரலாம். கீழே ஹால் பெயரைப் போட்டுவிடுங்கள்.