ஐந்து நாள் மேட்ச் என்று இனிமேல் சொல்லாதீர்கள்

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதுகிற டெஸ்ட் தொடரான பார்டர்-கவாஸ்கர் கோப்பைக்கு ஆஸ்திரேலியா இங்கே வருகிறது என்றாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் இல்லை, இந்தத் தடவை முதல் நாளே பந்து சுழல்கிற எந்தக் குழிப் பிட்சைப் போட்டு மூன்றே நாளில் கடையைக் கட்டப் போகிறார்களோ என்றுதான்.

2023 பிப்ரவரியில் நம்ம டெல்லி கோட்லா மைதானத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை ஆரம்பம், செவ்வாய் வரை போகவேண்டிய மேட்ச். மேனேஜரிடம் கெஞ்சி திங்கள், செவ்வாய் லீவு வாங்கி, கரோல் பாக் சித்தப்பா, மயூர் விஹார் மாமா பையன்கள் என்று எல்லோரும் சேர்ந்து போவதாகப் பேசி வைத்திருந்தோம். ஞாயிறு மத்தியானமே முடிந்துவிட்டது! காலையில் 61க்கு 1 என்று இறங்கிய ஆஸ்திரேலியா 113க்கு ஆல் அவுட், ஜடேஜாவுக்கு 7 விக்கெட். அன்று சாயங்காலமே ஆபீசிலிருந்து போன், மேட்ச்தான் முடிஞ்சிருச்சே, நாளைக்கு வந்துருங்க என்று.

"ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன புலம்பல்?" என்கிறார்கள். ஜடேஜா பிரமாதமாகப் போட்டார், அவர்களும் கண்டபடி ஸ்வீப் ஆடி விக்கெட்டைக் கொடுத்தார்கள், சரி. ஆனால் அதற்கு முந்தைய நாக்பூரும் மூன்று நாள்தான், அடுத்த இந்தூரும் மூன்று நாள்தான், அதிலும் இந்தூரில் நாம் வெட்டிய குழியில் நாமே விழுந்து 109க்கு ஆல் அவுட் ஆகித் தோற்றோம். அந்தப் பிட்சுக்கு மேட்ச் ரெஃப்ரி மோசம் என்றே மார்க் போட்டார், நம்ம கிரிக்கெட் போர்டு அப்பீல் செய்து அதைச் சராசரிக்கும் கீழே என்று மாற்றி வாங்கியது. இது ஒரு பெருமையா?

2001ஐ நினைத்துப் பாருங்கள். தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்துவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்த ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலிய டீம். அங்கே நாம் ஃபாலோ ஆன் வாங்கி, உடனே மறுபடி பேட் பிடிக்க வேண்டி வந்த பிறகு லக்ஷ்மணும் திராவிடும் நாலாவது நாள் முழுக்க விக்கெட்டே விழாமல் ஆடினார்கள். சென்னையில் ஐந்தாவது நாள் 2 விக்கெட்டில் ஜெயித்துத் தொடரையே வாங்கினோம். இந்தக் கோப்பைக்கு மரியாதை வந்ததே அப்படிப்பட்ட நாலாவது, ஐந்தாவது நாட்களால்தான். இப்போது போடுகிற பிட்சில் அன்றைக்கு லக்ஷ்மண் அடித்த மாதிரி 281 அடிக்க நாலாவது நாள் என்று ஒன்று இருக்குமா?

சரி, இத்தனையும் செய்து நாமாவது நன்றாக ஆடுகிறோமா என்றால் அதுவும் இல்லை. 2024இல் நியூசிலாந்து வந்து 3-0 என்று துவைத்துவிட்டுப் போனது, புனேயில் சான்ட்னர் ஒருவரே 13 விக்கெட். 2025 நவம்பரில் ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 எடுக்க முடியாமல் 93க்குச் சுருண்டோம், அதுவும் மூன்றாவது நாளிலேயே. நம்ம பையன்களுக்கே சுழலை ஆடத் தெரியாத நிலைமை வந்த பிறகும் யாருக்காக இந்தக் குழி? ஆஸ்திரேலியாவில் ஒரே தொடரில் 32 விக்கெட் எடுத்த பும்ராவை வைத்துக்கொண்டு, அவருக்கு ஏதாவது கிடைக்கிற மாதிரி ஒரு நல்ல பிட்ச் போட என்ன கேடு? அந்த 2023 தொடரில் அகமதாபாத்தில் ஒன்றே ஒன்று ஐந்து நாள் போனதற்கு, தார் ரோடு, போர் அடிக்குது என்று அதையும் திட்டினார்கள். கோலி 186 அடித்த மேட்ச் அது!

2027இல் ஆஸ்திரேலியா மறுபடி இங்கே வரவேண்டும், இந்தத் தடவை ஐந்து டெஸ்ட். பிட்ச்சில் கொஞ்சம் புல்லை விடுங்கள், ஒழுங்காகத் தண்ணீர் காட்டுங்கள், பந்து மூன்றாவது நாள் சாயங்காலத்துக்கு மேல் திரும்பட்டும். அதில் ஆடித் தோற்றால் தோற்றுவிட்டுப் போங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.