பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு

வெப்பநிலையை அளக்கும் டிஎஸ்18பி20 சில்லு 0.0625 டிகிரி செல்சியஸ் வரை துல்லியமாக அளக்கும், ஆகவே இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டிக்கு எச்சரிக்கை மணியைச் சரியாக 8 டிகிரியில் அமைத்தால் போதும் என்று நண்பர் எழுதியிருப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். 0.0625 என்பது 12 பிட் நிலையில் அந்தச் சில்லு காட்டக்கூடிய மிகச் சிறிய படி, அதாவது பிரிதிறன் மட்டுமே. அதன் தரவுத்தாள் -10 முதல் +85 டிகிரி வரை உறுதியளிக்கும் துல்லியமோ ±0.5 டிகிரி.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுச் சமையலறையில், நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த, 0 டிகிரியில் இருக்கும் குவளைக்குள் நீர்புகா உறையிட்ட இரண்டு சில்லுகளைச் சேர்த்துக் கட்டி இறக்கியபோது, ஒன்று 0.3125 என்றும் மற்றொன்று -0.1875 என்றும் காட்டின. இரண்டுமே பழுதற்றவை. இவ்வாறு காணும் விலகலை நிரலில் கழித்துவிட்டால் அளவீடு பெரிதும் சீராகும். அதைச் செய்யாதவர்கள் இன்சுலினுக்குரிய 2 முதல் 8 டிகிரி வரையிலான வரம்பை 2.5 முதல் 7.5 எனச் சுருக்கிக்கொள்ள வேண்டும். கீழ் வரம்பில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

மின்னிணைப்புக் கொடுத்தவுடன் தோன்றும் 85 டிகிரியும் அளவீடு அன்று, அது தொடக்க மதிப்பு. அளக்கச் சொல்லும் கட்டளையை அனுப்பி, 750 மில்லிவினாடி காத்திருந்து படியுங்கள்.